ஆயில் பார்த்தியா?

போன மாதம் இந்தப் பக்கத்தில், போகிற போக்கில் ஆர்எக்ஸ் 100 பற்றி இரண்டு வரி எழுதித் தொலைத்தேன். தேன்கூட்டில் கல் எறிந்த கதையாகிவிட்டது. 'ஆர்டி 350-ஐ விட்டுவிட்டு ஜப்பான் வண்டியைப் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை?' என்று ஒருவர். 'சார், வேகம் எல்லாம் சரி, நம்பி ஏறலாமா? அதைச் சொல்லுங்கள்' என்று இன்னொருவர். மூன்றாமவர் மதுரைக்காரர். நான்கு பக்கம் எழுதி, கடைசியில், 'எது வேகமானது, எது நம்பகமானது, தீர்ப்புச் சொல்லவும்' என்று முடித்திருந்தார்.

தீர்ப்புச் சொல்ல நான் யார்? படித்தது பி.காம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத் தெரியும். திரும்ப மாட்டும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் தேவலை. இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேகம். அதற்குப் படிப்பு வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எத்தனை குதிரை என்று பாருங்கள். நம்ம ஊர் 350 புல்லட்டுக்குப் பதினெட்டு குதிரை. லிட்டருக்கு 52 வருகிறது. 1969-இல் ஹோண்டா சிபி 750 வந்தது. நாலு சிலிண்டர், 736 சிசி, 67 குதிரை, முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். உலகமே வாய் பிளந்த வண்டி. லிட்டருக்கு 91. மூன்று வருஷம் கழித்துக் கவாஸாகி இஸட்-1. 903 சிசி, 82 குதிரை. இதுவும் 91தான்.

இப்போது யமஹா ஆர்டி 350-க்கு வாருங்கள். 1973 மாடல், 347 சிசி, 39 குதிரை. லிட்டருக்கு 112! நம்முடைய குட்டி ஆர்எக்ஸ் 100 இருக்கிறதே, 98 சிசி, 11 குதிரை, அதற்கும் அதே 112 வருகிறது. தம்பி அண்ணன் ஜாடைதான். இருவரையும் தாண்டி ஒரு முரடன் உண்டு. கவாஸாகி எச்-1, மூன்று சிலிண்டர், 1969. 498 சிசியில் 60 குதிரை. லிட்டருக்கு 120. அமெரிக்காவில் அதற்கு 'விடோ மேக்கர்' என்று பட்டப்பெயர். 'தாலியறுப்பான்' என்று மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அறுபது குதிரையை நிறுத்த அதற்குக் கொடுத்திருந்தது முன்னும் பின்னும் டிரம் பிரேக். பட்டப்பெயருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த 112, 120 எல்லாம் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் கைங்கரியம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை ஏறி இறங்கினால் ஒரு வெடி. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு தடவையும் வெடி. வால்வு, கேம்ஷாஃப்ட் என்று தலைக்கு மேலே தட்டுமுட்டுச் சாமான் கிடையாது. யமஹா இதில் ஒரு வேலை செய்தது. கலவை உள்ளே போகும் வழியில் மெல்லிய உலோக நாக்குகளை வைத்தது. உள்ளே இழுக்கும்போது திறக்கும், திரும்பித் தள்ளும்போது மூடிக்கொள்ளும். ரீடு வால்வு என்று பெயர். ஆர்மோனியத்தில் காற்று பட்டால் அதிரும் ரீடு இருக்கிறதல்லவா, அதன் பங்காளி. யமஹா கம்பெனியின் பிள்ளையார் சுழியே 1887-இல் ஹமமட்சு ஊரில் ஒரு ரீடு ஆர்கனைப் பழுது பார்த்ததில்தான் தொடங்கியது என்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதே டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு வில்லங்கம். ஃபோர்-ஸ்ட்ரோக் தன் எண்ணெயைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும். டூ-ஸ்ட்ரோக் அன்றாடங்காய்ச்சி. பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரித்துவிடும். ஒவ்வொரு நிமிடமும் புதிதாக எண்ணெய் வர வேண்டும். வராவிட்டால், சூட்டில் பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 'சீஸ் ஆயிடுச்சு' என்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவாரே, அதுதான்.

ஆக, நம்பகம் என்று பார்த்தால் ஃபோர்-ஸ்ட்ரோக்தானே ஜெயிக்க வேண்டும்? பெரும்பாலும் ஆமாம். 1973 மார்ச்சில் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத் தடத்தில் இஸட்-1-ஐ இருபத்துநாலு மணி நேரம் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 176 கிலோமீட்டர். நம் ஊரில் அந்த வேகத்தில் ரயில்கூடப் போகாத காலம். ஹோண்டாவின் சிபி 750 பத்து வருஷத்துக்குள் நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. நம்பாமலா வாங்கியிருப்பார்கள்? ஆனால் அதன் ஆரம்பகால வண்டிகளில் செயின் அறுந்து, அறுந்த வேகத்தில் இன்ஜின் கூட்டையே உடைத்த கதைகள் உண்டு. எண்பதுகளில் அதே ஹோண்டாவின் விஎஃப் 750-இல் கேம்ஷாஃப்ட் சீக்கிரமே தேய்ந்துபோய்ப் பெரிய தலைகுனிவு. கம்பெனி கோபம் வந்தவன் மாதிரி உட்கார்ந்து, 1986-இல் விஎஃப்ஆர் 750 என்று கொண்டுவந்தது. கேமைச் சுற்றச் செயினே கிடையாது, எல்லாம் பல்சக்கரம். 'ஜப்பான் வண்டியிலேயே இதை அடித்துக்கொள்ள முடியாது' என்று பேர் வாங்கியது அது. தப்புச் செய்தவன் திருந்தினால் எப்படி இருப்பான் என்பதற்கு உதாரணம்.

சுஸுகி வேறு திசையில் போனது. 1985 ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750, நூறு குதிரை, எடை சுமார் 176 கிலோ. 1969 சிபி 750-ஐவிட நாற்பது கிலோ குறைச்சல், முப்பது குதிரை கூடுதல். பதினாறு வருஷத்தில்! இதையெல்லாம் நான் தெருவில் பார்த்ததில்லை. பத்திரிகையில் படம் பார்த்து எச்சில் விழுங்கிய கோஷ்டி நான்.

நான் தெருவில் பார்த்தது, தொட்டது, ஏறியது ஒன்றே ஒன்று. என் மாமாவின் ராஜ்தூத் 350.

யமஹாவின் ஆர்டியை 1983 முதல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. ஜப்பானில் 39 குதிரை. இங்கே வந்து சேர்ந்தது முப்பதரை. முன் டிஸ்க் பிரேக் வழியிலேயே இறங்கிவிட்டது, டிரம்தான் வந்தது. மைலேஜ் போதாது என்று பிறகு இன்னும் இளைக்க வைத்து 27 ஆக்கினார்கள். அப்படியும் நம்மூர் ரோட்டில் அதற்கு எதிரி கிடையாது. ஸ்பீடாமீட்டர் முள் 140-ஐத் தாண்டும். பசங்கள் வைத்த பெயர் 'ரேபிட் டெத்'.

மாமா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். 1992-இல் இரண்டாவது கையாக அதை வாங்கினார். '85 மாடல், முப்பதரைக் குதிரை ரகம். ரயில் இன்ஜினைப் பிரித்து மேய்கிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை மூன்று தடவை கூப்பிட வேண்டும். பெட்ரோல் குடிக்கும். லிட்டருக்கு இருபது கொடுத்தால் அன்றைக்குத் திருவிழா. பக்கத்து வீட்டுக்காரர் லிட்டருக்கு எண்பது தருகிற ஹீரோ ஹோண்டாவில் ஆபீஸ் போவதைப் பார்த்து அத்தை பெருமூச்சு விடுவாள்.

நான் அப்போது திருச்சியில் பி.காம். படித்துக்கொண்டு, மாமா வீட்டிலேயே தங்கியிருந்தேன். வண்டியைத் தொட அனுமதி உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. சாவியைக் கையில் கொடுக்கும்போது மாமா கேட்பார்: "ஆயில் பார்த்தியா?"

ஆர்டியில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி. யமஹா அதற்கு ஆட்டோலூப் என்று பெயர் வைத்திருந்தது. ஒரு சின்ன பம்ப், நீங்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அதற்குத் தகுந்தபடி எண்ணெயை அளந்து அனுப்பும். நீங்கள் பெட்ரோலில் கலக்க வேண்டாம். அருமையான ஏற்பாடு. தொட்டியில் எண்ணெய் இருக்கிறவரை.

1998 பிப்ரவரி. மாமா ஷிஃப்டுக்கு ஒருவரோடு தொற்றிக்கொண்டு போயிருந்தார். சாவி ஆணியில் தொங்கியது. கேள்வி கேட்க ஆளில்லை. எடுத்தேன். பெட்ரோல் போட்டேன். தஞ்சாவூர் ரோடு. துவாக்குடி தாண்டியதும் ரோடு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். முறுக்கினேன். ஆறாயிரம் சுற்றுக்கு மேல் அந்த இன்ஜின் வேறு ஆள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

செங்கிப்பட்டிக்கு முன்னால் சத்தம் மாறியது. ஒரு மாதிரி தகரத்தைத் தேய்க்கிற சத்தம். அடுத்த கணம் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை, சக்கரம் மட்டும் நின்றது. எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்ததோ, இடது கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. ரோட்டில் கருப்பாக ஒரு கோடு. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியபடி என்னைத் தாண்டிப் போனது. ஓரமாக நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். கால் நடுங்கியது. சைடு கவரைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டி காய்ந்து கிடந்தது.

கொஞ்ச தூரம் தள்ளியதும் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் பார்த்தார், சிரித்தார். "ஆறட்டும் தம்பி, கிளம்பும்" என்றார். அரைமணி கழித்து உதைத்தால், ஆச்சரியம், கிளம்பியது. அவரே டூ-டி ஆயில் பாக்கெட்டுகளைப் பெட்ரோல் டேங்கில் பிரித்து ஊற்றி, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கலந்துவிட்டார். "மெதுவாப் போங்க." நாற்பதுக்கு மேல் போகாமல் ஊர் வந்து, பொன்மலைக்கு முன்னால் ஒரு பங்க்கில் எண்ணெய்த் தொட்டியையும் நிரப்பி, துடைத்து, எடுத்த இடத்தில் நிறுத்தினேன். சாவியை ஆணியில் மாட்டினேன். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு நாள் வண்டி ஓடியது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், மாமா அத்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனார். வழியில் பெட்ரோல் போட்டார். பாலக்கரைக்குப் பக்கத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை முழுசாக. பெரிய வேகம் இல்லை. ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை கை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுதாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் அத்தை தோசை வார்ப்பது இடது கையால்.

மாமா இன்ஜினைப் பிரித்தார். இரண்டு பிஸ்டனிலும் கீறல். எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தார். நிறைய எண்ணெய். அப்புறம் என்ன? எண்ணெய் இருந்தும் போய்ச் சேரவில்லை, பம்ப் ஏமாற்றிவிட்டது. ஃபிட்டர் மூளை அப்படித்தான் போகும். சிலிண்டரை லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதே மாதம் விற்றுவிட்டார். அடுத்து வாங்கியது நூறு சிசி ஃபோர்-ஸ்ட்ரோக். அந்த வருஷம் எனக்குப் பாடம், தேய்மானக் கணக்கு போடுவது எப்படி. தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கினேன்.

அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக, எந்தக் கல்யாணத்தில், எந்தத் திண்ணையில் மோட்டார் சைக்கிள் பேச்சு வந்தாலும் மாமாவின் தீர்ப்பு ஒன்றுதான். "வேகமெல்லாம் இருக்கும் சார். நம்ப முடியாது. நட்டாத்துல விட்டுடும்." ஆர்டியை வைத்துக் கும்பிடுகிற பையன்கள் சண்டைக்கு வருவார்கள். மாமா அத்தையின் கையைக் காட்டுவார். வாதம் முடிந்துவிடும். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடுவில் எனக்குப் புத்தி வந்தது வேறு கதை. பத்திரிகை வேலையில் சேர்ந்து, யாரோ பழைய வண்டி சேகரிப்பவரைப் பேட்டி எடுக்கப் போன இடத்தில், பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "ஆட்டோலூப் தொட்டி ஒரு தடவை காலியாயிட்டா, திரும்ப ஊத்தினா மட்டும் போதாது சார். குழாய்ல காத்து அடைச்சிருக்கும். பம்ப்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு, அதைத் திறந்து காத்தை எடுக்கணும். இல்லேன்னா தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும், இன்ஜினுக்கு ஒரு சொட்டு போகாது." குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது. பேட்டியை எப்படி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை.

இப்போது மதுரைக்காரரின் கடிதத்துக்கு வருகிறேன். நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆர்டி ஏன் நம்பகமில்லாத வண்டி என்று விளக்கியிருந்தார். ஆதாரமாக அவர் சொன்னது, திருச்சியில் ஒரு ரயில்வேக்காரருக்கு நடந்ததாகக் கேள்விப்பட்ட சம்பவம். எண்ணெய் நிறைய இருந்தும் சீஸ் ஆகி, மனைவிக்குக் கை உடைந்ததாம்.

போன பொங்கலுக்கு மறுநாள் திருச்சிக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. காதில் மிஷின். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பார்த்தியா, மதுரை வரைக்கும் போயிருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

"மாமா, அந்த வாரம் நான் வண்டியை எடுத்தேன்."

"எந்த வாரம்?"

சொன்னேன். துவாக்குடி, செங்கிப்பட்டி, புளியமரம். ஆயில் காலியாக இருந்தது, அப்புறம் நிரப்பியது. மிஷினைக் கொஞ்சம் திருகிக்கொண்டார். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"காத்து எடுத்தியா?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது மாமா."

கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் மடியில் எதையோ கழற்றி மாட்டுவதுபோல அசைந்தன. "நாலு நாள் ஓடிச்சே... எப்படி?" என்றார் தனக்குத்தானே. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பெட்ரோல்ல கலந்தியா?" என்றார்.

"ஆமாம்."

"அதான். அந்தப் பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடியிருக்கு. நான் புதுசாப் போட்டேன்..." நிறுத்திவிட்டார்.

அத்தை காபியோடு வந்தாள், இடது கையில் டம்ளர். மாமா நிமிர்ந்து, "கேட்டியாடி இவன் சொல்றதை?" என்றார். "கேட்டுச்சு" என்றாள். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் நான் கிளம்புகிறவரை அதைப்பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. போன் செய்தால் குழந்தைகளைப் பற்றி விசாரிக்கிறாள்.

மாமா நெடுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பையன் ஏதோ புதுசாக ஒரு வண்டியில், சத்தமே இல்லாமல், சர்ரென்று போனான். காபி ஆறிவிட்டது. கோபமாக இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"எவ்வளவுல போனே?" என்றார்.

"என்ன மாமா?"

"அன்னைக்கு. செங்கிப்பட்டில."

"நூத்திப்பத்து."

"அஞ்சுலயா, ஆறுலயா?"

"ஆறுல."

"ஆறு போட்டா நூத்தி இருபத்தஞ்சுல ஒரு அதிர்வு வரும். அதுக்கப்புறம் விட்டுடும். வெண்ணெய் மாதிரி போகும்" என்றார். "அது வரைக்கும் போகலையா நீ?"